சரசு வீட்டு ரேடியோவில் டக் டக்

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் தந்தி தட்டும் மோர்ஸ் கீயைத் தொடவில்லை. பயம்!

நானே கட்டிய டிரான்ஸ்மிட்டரில் தந்தி பாஷையில் ஊர் ஊராக அரட்டையடிப்பவன் நான். என் சத்தம் மொத்தையாகப் போகிறதே என்று, கீக்குக் குறுக்கே இருந்த சின்ன கன்டென்சரைப் போன மாதம் பிடுங்கிப் போட்டேன். ஒவ்வொரு தட்டலும் மெதுவாக எழும்பி மெதுவாக அடங்கச் செய்வதுதான் அதன் வேலை. அது போனதும் சத்தம் கணீரென்று ஆனது. கூடவே அக்கம்பக்கத்து ரேடியோக்களில் இரைச்சலும்...

பெங்களூர் நண்பர் ஒருவர், 'உன் சிக்னலில் கிளிக் வருகிறது, சரி செய்' என்று தட்டினார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு சரசுவே வந்து கேட்டார்.

"ஏனுங்க, எங்கூட்டு ரேடியோவுல ஒரே டக் டக்குங்க. உங்க பொட்டியினாலயா?"

"இல்லீங்க, மின்னல்" என்றேன். கூசாமல்!

சரசுவின் கணவர் முருகேசன் எஸ்டேட் ஜீப் டிரைவர். மழைக்காலத்தில் ஆறரை மணிச் செய்தி கேட்காமல் மலையிலிருந்து சேலத்துக்கு வண்டியை இறக்க மாட்டார். செவ்வாயன்று கொட்டுகிற மழை. நான் குஷியாகத் தட்டிக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு சரசு நனைந்தபடி ஓடி வந்தார்.

"மலை ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்குதாமுங்க. ரேடியோவுல சொன்னாங்கன்னு பஜார்ல பேசிக்கிறாங்க. எங்களுக்கு டக் டக்குதானுங்க கேட்டுச்சு. ஒண்ணும் இருக்காதுன்னு அவரு கெளம்பிப் போயிட்டாருங்க!"

 அந்த அரை மணி நேரம் நான் கையைச் சும்மா வைத்திருந்தால் என்ன?

இருவரும் ரோட்டு முனையில் நின்றோம். கீழே இருட்டு. ஒரு ஹெட்லைட்கூடத் தெரியவில்லை. வேண்டாத சாமியில்லை.

எட்டு மணி வாக்கில் முருகேசன் நடந்தே ஏறி வந்தார். இடுப்பு வரை சேறு.

"ஜீப்பு சேத்துல மாட்டிக்கிச்சுங்க. இன்னும் ஒரு சாண் போயிருந்தா பள்ளந்தானுங்க."

 சரசு அழுகையை அடக்கிக்கொண்டு என்னையே தேற்றினார்.

"நீங்க ஏனுங்க இப்படி நடுங்கறீங்க? மின்னலுக்கு நாம என்னங்க பண்ண முடியும்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மறுநாள் காலையில் கன்டென்சரைப் பழைய இடத்திலேயே வைத்துப் பற்றவைத்தேன். உண்மையை இங்கேதான் எழுத முடிந்தது.

முருகேசன் இந்தப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவர் — அவர் வந்து கேட்கட்டும் என்று கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.