கோச்சி லேட்

கொழும்பில் கொட்டாஞ்சேனை வீட்டை வீட்டுக்காரர் திருப்பிக் கேட்ட பிறகு, நகரத்துக்கு வெளியே கடவத்தைப் பக்கம் போய்க் குடியேறினோம். வேலை மட்டும் வெள்ளவத்தையிலேயே, ஒரு புடவைக் கடையில். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு வேறு வேலை ஆர் தருவினம் என்ற பயம் எப்போதும் உண்டு.

கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் பஸ், பிறகு வெள்ளவத்தைக்குக் கோச்சி, கடலோரம் ஓடுகிற ரயில். கோச்சி கொஞ்ச நேரம்தான். பஸ்தான் உயிரை எடுக்கும். பேலியகொடை நெரிசலில் நின்றால் நின்றதுதான். இன்றைக்கு என்னை வேலையால் நிப்பாட்டிவிடுவினம் என்று மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதலாளி கல்கிசையிலிருந்து கோச்சியில் வருகிறவர். "கோச்சி லேட்" என்றால், "அதுக்கு ஆர் என்ன செய்யிறது" என்று விட்டுவிடுவார். பஸ் என்றால் மட்டும், "வெள்ளன வெளிக்கிடுறதுதானே, பிள்ளை?" அதனால் பிந்தின நாளெல்லாம் நான் கோச்சி என்றே சொன்னேன். கோச்சியில் வந்தது உண்மைதானே என்று எனக்கு நானே சமாதானம்.

எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி இருந்த பெண் ஒருத்தியும் அதே கடையில்தான் வேலைக்கு நின்றாள். என்னைவிட இளையவள். கடைக்குள் அவள் முதலில் போகட்டும் என்று நான் ஸ்டேஷனில் மெதுவாக நடப்பேன். அவள் பஸ் என்று உள்ளதைச் சொல்லி ஏச்சு வாங்குவாள்.

ஒருநாள் முதலாளி அவளைப் பிடித்துக்கொண்டார். "அக்காவும் உங்கடை பக்கம்தானே? அவ ஒருநாளும் பஸ்ஸைச் சொல்லேல்லையே." பிறகு என்னிடம் திரும்பி, "பஸ் லேட்டோ?" என்றார்.

"எனக்குத் தெரியாது அண்ணை. நான் அதுக்கு முதல் பஸ்ஸில வந்து கோட்டையில கோச்சிக்கு நிண்டனான்."

அன்று பஸ்ஸில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. எனக்கில்லை. என் சாப்பாட்டுப் பையைக் கோட்டை வரைக்கும் மடியில் வைத்திருந்தவள் அவள். நான் சொன்னதைக் கேட்டு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, புடவை மடிக்கப் போனாள். மாதம் முடிய அவளை நிப்பாட்டினார்கள்.

போன மாதம் எங்கள் கோயில் மண்டபத்தில் கூட்டம். எங்கள் பக்கத்துக்கும் ரயில் பாதை போடச் சொல்லி மனு எழுதினார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம். வாடகை கட்டேலாமல் தள்ளிப் போகிற ஆக்களுக்குத்தானே கோச்சி முதலில் வேண்டும்? கடற்கரையோரம் இருக்கிறவைக்கு அது வாசலிலேயே நிற்கிறது.

"நீங்கள் வெள்ளவத்தைக்குப் போறனீங்கள்தானே, எழும்பிச் சொல்லுங்கோ" என்று பக்கத்தில் இருந்தவர் உந்தினார். நான் எழும்பி, பஸ் பிந்தி வேலை போன ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னேன்.

முன்வரிசையில் ஒருத்தி திரும்பினாள். அவள்தான்.

"அந்தப் பிள்ளை நான்தான், அக்கா. அண்டைக்கு நீங்களும் அதே பஸ்ஸிலதானே?"

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது.

"ஓம்," என்றேன். "அதே பஸ்தான். கடையில இல்லையெண்டு சொன்னனான்."

மனு எழுதினவர் பேனையைத் தூக்கிக்கொண்டு, அதையும் எழுதவோ என்று கேட்டார்.

"எழுதுங்கோ," என்றாள் அவள், எனக்கு முதுகைக் காட்டியபடி.