கட்டிங்கில் போன தாய்மாமன்

வளவனூர் துரைக்கண்ணுவுக்கு நெல் விளைகிற நிலம் உண்டு, கரும்பு விளைகிற நிலமும் உண்டு. ஆனால் அவர் புத்தி முழுக்க விளைந்தது பத்திரிகையில்தான். சொந்தத்தில் யார் வீட்டு விசேஷமானாலும், அழைப்பிதழில் எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் வரவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லப் போய் உட்கார்ந்துவிடுவார். யாரும் கூப்பிட்டதில்லை, அதற்காக அவர் போகாமல் இருந்ததும் இல்லை. ஒருமுறை பெரியப்பா மகன் பெயருக்குக் கீழே தன் பெயர் வந்துவிட்டதென்று கல்யாணத்துக்கே போகாமல், வீட்டில் பழைய சோறும் மல்லாட்டைத் துவையலும் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்ட மகராசன். கல்யாணம் என்னவோ நின்றுவிடவில்லை.

தங்கை கிருஷ்ணவேணிக்குக் கோயில் கோயிலாகச் சுற்றிப் பிறந்த குழந்தை அஸ்வினி. அவளுக்குத் திண்டிவனத்தில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். மாமன் இரண்டு பேர். மூத்தவர் இவர், இளையவன் ராஜாமணி. ராஜாமணி லாரி ஓட்டி மாடிவீடு கட்டியவன், சீரும் பெரிதாகக் கொண்டுவருவான். மடி அவனுக்குப் போய்விடுமோ என்று இவருக்குச் சந்தேகம். "எம்மடியிலதானம்மா?" என்று தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்னாவது? பத்திரிகை அடிக்கிற வேலையைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவள் புனிதா. ஒவ்வொரு உறவுக்கும் ஒரு கட்டம் போட்டுப் பெயர்களை அடித்தாள். ஷிப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். எல்லாம் ஒன்றாக மாட்டின. ஒரு தட்டில் வரிசை நேரானது, இன்னொரு தட்டில் இடைவெளி சமமானது. துரைக்கண்ணுவும் ராஜாமணியும் தோளோடு தோள் நின்றார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என் பொட்டிய ஏம்மா அதுங்களோட கட்ற? அவுத்து வுடு. தனியா மேல ஏத்து."

"சேர்த்துக் கட்னாதாங்க எல்லாம் ஒண்ணா நகரும். தனியா வுட்டா எங்கியாவது நின்னுக்கும்."

"நிக்கட்டும். ஒசரத்துல நிக்கட்டும்."

இன்னொருத்தருக்கு ஜெராக்ஸ் எடுக்க அவள் எழுந்ததும், இவரே மவுஸைப் பிடித்தார். ஏர் பிடித்த கை, மவுஸையும் உழுதது. தன் கட்டத்தை இழுத்து, பெரிசாக்கி, பிள்ளையாருக்கும் மேலே கொண்டுபோய்ச் சொருகினார்.

புனிதா திரும்பி வந்து பார்த்தாள். "ஐயா, ஓரத்துல தெரியுற அந்தக் கோட்டுக்கு மேல போவாதீங்க. அச்சடிச்சதும் அதுக்கு வெளிய இருக்கிறத வெட்டிடுவாங்க."

"இவ்ளோ எடம் காலியா கெடக்குது, வெட்றாங்களாம்! காசு குடுக்கிறது நானா நீயா? ஜல்தியா பிரிண்டு போடு."

மாதிரித்தாளில் அவர் பெயர் உச்சியில் ஜம்மென்று இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குமேல் அவளுக்கென்ன வந்தது?

அச்சகத்துக் கத்தி பெரிய மாமன், சின்ன மாமன் பார்க்காது. கோட்டோடு வெட்டியது. கட்டு நேராகத் திண்டிவனம் போய், ஊரெல்லாம் பத்திரிகை வைத்த பிறகுதான் தம் வீட்டுக்கு வந்ததைப் பார்த்தார். தாய்மாமன் என்று ராஜாமணி ஒருவன்தான் இருந்தான். புனிதாவிடம் போய்க் குதித்தார். அவள் ரப்பர்பேண்டு போட்ட காகித நறுக்குகளை மேசைமேல் வைத்தாள்.

"உங்க பேரு ஒண்ணுகூட வீணாவலீங்க. கேப்பீங்கன்னு அச்சாபீஸ்ல வாங்கி வெச்சேன்."

அப்போதாவது தங்கைக்கு போன் போட்டாரா? மாட்டார். யாராவது முதலில் கேட்கவேண்டும், "பெரியவர் பேரு எங்கே?" என்று சொந்தம் கொதிக்கவேண்டும், இவர் பெருந்தன்மையாக மன்னிக்கவேண்டும். ஒரு போனும் வரவில்லை.

காதுகுத்தன்று மண்டபத்தில் நடுவரிசையில் விறைத்து உட்கார்ந்தார். சட்டைப்பையில் நறுக்குகள். மைக்குக்காரன் பத்திரிகையைப் பார்த்து, "தாய்மாமன் ராஜாமணி மேடைக்கு வரவும்" என்றான். மேடையில் கிருஷ்ணவேணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இவரைப் பார்த்துக் கையை அசைத்தாள். பார்த்தார். பார்த்துவிட்டு, மேலே சுற்றுகிற மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். இன்னொரு தரமும் அசைத்தாள். நல்ல நேரம் போகிறதென்று ஆசாரி முணுமுணுக்க, ராஜாமணி உட்கார்ந்தான். அஸ்வினி வீறிட்டாள். மேளம் கொட்டியது.

விசும்புகிற குழந்தையோடு கிருஷ்ணவேணி இறங்கி நேராக இவரிடம் வந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"எங்கேண்ணே பாத்துக்கினு இருந்த? கை நோவக் கூப்ட்டேனே."

"மைக்குல எம்பேரு சொல்லலியே."

"மைக்குக்காரனுக்கா நீ அண்ணன்? இவ வயித்துல இருக்கும்போதே, உன் மடியில வெச்சுக் குத்தணும்னு வேண்டிக்கினு இருந்தேன். பெரியவன் இருக்கிறப்ப நான் எப்படி உக்கார்றதுன்னு சின்னண்ணன்கூட நின்னுக்கினுதான் இருந்துச்சு."

"பத்திரிகையிலயே எம்பேரு இல்ல."

"இல்லியா?" அவள் நிஜமாகவே விழித்தாள். "நான் மண்டபம் பேரு சரியா இருக்குதான்னு பாத்தேன், குடுத்துட்டேன்."

துரைக்கண்ணு பையில் கைவிட்டு ஒரு நறுக்கை எடுத்து நீட்டினார். "பாரு. இதுல இருக்குது."

அவள் அதை வாங்கி, படிக்காமலே, அதனாலேயே குழந்தையின் காதோரம் வழிந்த சந்தனத்தைத் துடைத்துக் கீழே போட்டுவிட்டுப் பந்திக்கு ஆள் கூப்பிடப் போனாள்.