தாழ் போட்ட கைக்கு இரண்டு வரி

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பேனர் கடை இருந்ததாம், அங்கே அடுத்தவர் அழுகைக்கு எதுகை தேடுகிற வேலை எனக்கு வாய்த்ததாம். என் தாத்தா சொல்லியிருந்தால் இப்படித்தான் தொடங்கியிருப்பார். ஊர் உத்திரமேரூர். கடை பஸ் ஸ்டாண்டு பக்கம். முதலாளி ரஹீம் பாய். காதுகுத்தோ கருமாதியோ, பேனர் என்றால் கீழே கவிதை வேண்டும். கேட்ட நிமிஷத்தில் கவிதை எழுதிக்கொடுத்து அவதிப்பட்டவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

மலர்ந்த முகம்

கண்ணீர் அஞ்சலிக்குக் கம்ப்யூட்டரில் ரெடியாக ஒரு கவிதை வைத்திருப்போம். பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும். அப்பாவுக்குப் பேனர் அடிக்க வந்த ஒருவர், 'மலர்ந்த முகத்தை மறுபடி காண்போமா' என்ற வரியிலேயே நின்றுவிட்டார்.

"எங்கப்பா என்னிக்கிப்பா மலர்ந்தாரு? 'பட்டணம் போவாதடா, கயனிய யாரு பாக்கறது'ன்னு கத்திக்கினே இருந்தாரு. நான் கேக்காத போய்ட்டேன். அந்தக் கத்தலு இப்ப எங்க கீதுன்னு எழுது."

கறுப்பு மீசை

சாலவாக்கத்திலிருந்து ஏகாம்பரம் என்று ஒருவர் வந்தார். தங்கச்சி மகளுக்கு மஞ்சள் நீராட்டு, தாய்மாமன் பேனர் வேண்டும் என்றார். "பத்திரிகை இருக்குதாண்ணே?" என்றேன். பத்திரிகை வரவில்லை. தங்கச்சி தேவகி தானாகப் பார்த்துக் கல்யாணம் கட்டிக்கொண்டு மாலையோடு வந்து நின்ற அன்று, அப்பா சொல்லுக்குப் பயந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டது இவர். அதற்கப்புறம் பேச்சே இல்லை.

'முத்தே பவளமே' என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "முத்து பவளம்லாம் வோணாம் தம்பி. அந்தக் கதவு வரணும். ஊருக்குத் தெரியக்கூடாது, அவளுக்குத் தெரியணும்." இப்படி எனக்குக் கவிதைப் பாடம் யாரும் எடுத்ததில்லை. ரொம்ப நேரம் அடித்து அடித்து எழுதினேன்:

தாழிட்ட கையில் தாம்பாளம் ஏந்தி
வாசலில் நிற்கிறேன், வரச்சொல்லு கண்ணே.

உதட்டை அசைத்து இரண்டு தரம் படித்தார். பிறகு திரையிலிருந்த தன் படத்தைப் பார்த்தார்.

"மீசைய கொஞ்சம் கறுப்பாக்கு தம்பி. அவ கடசியா பாத்தப்ப கறுப்பா இருந்துச்சி."

காலி இடம்

மறுநாள் அதே விசேஷத்துக்கு, பெண்ணைப் பெற்றவர் என்று தேவகியே வந்து நின்றார். ஒரு வீட்டு பேனரைக் கட்டுமுன் இன்னொரு வீட்டுக்குக் காட்டக் கூடாது என்பது பாயின் சட்டம். தாய்மாமன் படம் மேல் வரிசையில் வருவது வழக்கம். "யார் படம்க்கா?" என்றேன். "படம் இல்ல. எடம் மட்டும் வுட்டு வை" என்றார். புது ஃபைல் திறக்கப் போய், முந்தின நாள் பேனர் திரை முழுக்க விரிந்துவிட்டது.

"போச்சுடா!" என்றார் பாய்.

அந்தம்மா படித்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரையை விரலால் தட்டினார்.

"எங்கண்ணன் இன்னாத்துக்கு வாசல்ல நிக்கணும்? அந்த வரிய எடுத்துட்டு, படத்த என்னுதுல மேல வெய்யி. வூட்டுக்குள்ள வரச் சொல்லு. மீசைக்குக் கறுப்பு வோணாம், வெளுப்பாவே வுடு, எனக்குந்தான் நரைச்சிப்போச்சி."

அவர் படியிறங்கி பஸ்ஸைப் பார்க்க நடந்துவிட்டார். நான் எழுதியதிலேயே நல்ல வரியை நானே அழிக்கவேண்டி வந்தது, அந்தக் கவிதை வேலை செய்த லட்சணம் அது.