நாகசாகியிலிருந்து வந்த மாதா

1934 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. மெட்ராஸிலிருந்து வந்து விழுப்புரத்தில் வண்டி மாறி, இருபத்து நான்கு மைல் ஊர்ந்து, காலை பத்தரைக்குப் புதுச்சேரியில் இறங்கினேன். கையில் வைக்கோல் அடைத்த காலி மரப்பெட்டி ஒன்று.

முன்பு ஜப்பானில், கோபே துறைமுகத்தில் துணிக் கம்பெனி ஒன்றில் ஆறு வருஷம் குப்பை கொட்டினேன். அப்போது பிரெஞ்சுக் கப்பலில் சமையல்காரராக இருந்த புதுச்சேரி சவரிமுத்து என் அறைக்கு வந்து ரசம் வைத்துத் தருவார். அவர் நாகசாகியில் வாங்கிய வெள்ளைப் பீங்கான் மாதா சுரூபம் அவர் வீட்டில் இருக்கிறது. மனிதர் இப்போது இல்லை. மகள் ரெஜினாவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். வீட்டை ஆசீர்வதிக்க வந்த பங்குச் சாமியார் சுரூபத்தைப் பார்த்துவிட்டு, "இது மாதா இல்ல, ஜப்பான்காரன் விக்கிரகம். இது வெளிய போனாத்தான் வீட்ட மந்திரிப்பேன்" என்று சொல்லிவிட்டாராம். சவரிமுத்துவின் மனைவி ஞானம்மாள் எனக்குச் சொல்லியனுப்பினார்: "நீங்க வந்து பாருங்க. மாதா இல்லேன்னா நீங்களே எடுத்துக்குங்க." அதற்குத்தான் பெட்டி.

ஸ்டேஷனிலிருந்து புஸ்புஸ் வண்டி, இரண்டு பணம். பிடியைத் திருப்புவது ஏறியவன் வேலை. பின்னால் ஒருவர் தள்ளிக்கொண்டே ஓடுகிறார். ஜப்பானில் முன்னால் நின்று இழுப்பார்கள். வியர்வை இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

"முசியே, பொட்டில என்னா?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"வைக்கோல்."

"மெட்ராஸ்லேருந்து வைக்கோலா எடுத்தாறீங்க? எங்க ஊரு மாடு பட்டினியா கெடக்குதுன்னு யாரு சொன்னது?"

பதினொரு மணிக்கு வீடு. சுரூபத்துக்கு நீலப் பட்டு சாத்தி, மல்லிகை சூட்டியிருந்தது. ஞானம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே பட்டைக் கழற்றினார். மடியில் பிள்ளையோடு ஓர் அம்மா. அடியில், முதுகில், மடிப்பில் எங்காவது சிலுவை கீறியிருக்கிறதா என்று பார்த்தேன்; இருந்தால் மாதா என்று சொல்லிவிடலாம். இல்லை.

"யாருங்க இது?"

கதையை ஊர் ஊராகச் சொன்னேன். முதலில் நாரா. இங்கிருந்து சீனா வழியாகப் போன புத்த மதம் அங்கே நிலைத்தது. கூடப் போன கருணைத் தெய்வத்துக்குக் கானோன் என்று பெயர். நம் கரையை விட்டபோது ஆண்; போகிற வழியில் பெண்ணாகிவிட்டது. அடுத்து கியோத்தோ, அரண்மனைப் பெண்கள் உட்கார்ந்து கதை எழுதிய காலம். பிறகு காமகுரா, வாள் பிடித்தவன் ஆண்ட காலம். அப்புறம் ஆளுக்கு ஆள் சண்டை. அந்தக் களேபரத்தில் போர்த்துகீசியர் துப்பாக்கியும் கிறிஸ்து வேதமும் கொண்டுவந்தார்கள். கடைசியில், இப்போது டோக்கியோ என்கிறார்களே, அந்த எடோ நகரத்து ஆட்சி. அது நாட்டுக் கதவைச் சாத்தி, வேதத்தையும் தடை செய்தது. நாகசாகிப் பக்கத்தில், வேதக்காரர் யாரென்று கண்டுபிடிக்க, மாதா படத்தைத் தரையில் போட்டு மிதிக்கச் சொன்னார்கள்.

"ஐயோ மாதாவே!" ஞானம்மாள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "மிதிச்சாங்களா?"

"மிதிச்சாங்க. வீட்டுக்குப் போய் அழுதாங்க. பிள்ளை வச்சிருக்கிற கானோன் பொம்மையை வச்சு, அதையே மாதான்னு கும்பிட்டாங்க. அதிகாரி கேட்டா, கானோன்."

"அப்போ இது எதுங்க? பன்னெண்டு வருசம் புள்ள இல்லாம, இவகிட்ட அழுது வாங்குனவ ரெஜினா. மாதா இல்லேன்னா நான் யாருகிட்ட கேட்டேன்?"

கானோன் என்று ஒரு சொல் சொன்னால் சுரூபம் என் பெட்டிக்கு வந்துவிடும். ஆசை இருந்தது, பொய் சொல்வானேன்? ஆனால் அந்த அம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலம்மா. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். முன்னாடி கும்பிட்டவங்களுக்குத்தான் தெரியும்."

ஞானம்மாள் பட்டை எடுத்து மறுபடி சாத்த ஆரம்பித்தார்.

"அவங்க ராசாவுக்குப் பயந்து மறைச்சாங்க. நான் எங்க சாமியாருக்குப் பயந்து மறைக்கணுமா? இங்கியே இருக்கட்டும்."

கதவோரம் நின்ற ரெஜினா, "சாமியார் வரலேன்னா, அம்மா?" என்றாள்.

"வரலேன்னா வீடு மந்திரிக்காம கெடக்கட்டும். உன்னக் குடுத்தவள வெளிய அனுப்பிட்டு உனக்கு என்னாடி கல்யாணம்?"

எனக்கு மீன் குழம்போடு சோறு கிடைத்தது. சவரிமுத்துவின் ரசமும் இருந்தது. மகளுக்குக் கைப்பக்குவம் வந்திருக்கிறது.

மூன்று மணி வண்டியில் திரும்பினேன். சின்னபாபுசமுத்திரத்தில் பிரிட்டிஷ் சுங்கக்காரர் ஏறினார். காலிப் பெட்டி என்றதும் சந்தேகம் வந்துவிட்டது. வைக்கோல் முழுவதையும் பெஞ்சில் கொட்டிக் கிளறினார்.

"உள்ள எதையும் ஒளிச்சு வைக்கலியே?"

"இல்லீங்க. ஒளிக்க வேணாம்னு அந்த அம்மா சொல்லிட்டாங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். விழுப்புரம் வரும்வரை வைக்கோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.