ஜிஃபிக்குப் போன ஹயர்

காலை பத்தேகாலுக்குச் செய்தி வந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில், விஜயலெட்சுமி ஒரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் இப்றாஹீம். அவள் கணவர் தயாபரனைப் போலவே அவரும் வேன் ஓட்டுகிறவர். தெமோதரை ஸ்டேஷன் முற்றத்தில் இருவருடைய வேன்களும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும்.

"தங்கச்சி, மனசத் தைரியப்படுத்திக்கங்க," என்று தொடங்கி, தயாபரன் வேனுக்குள் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டதையும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பிரயோசனம் இல்லாமல் போனதையும் அவர் சொல்லி முடித்தார்.

விஜயலெட்சுமி பதறவில்லை.

"இப்றாஹீம் நானா, நீங்க வேற யாரையோ பாத்துட்டுச் சொல்றீங்க. அவரு தெமோதரையில இல்ல. ஜிஃபிக்குப் போயிருக்காரு."

"எங்க?"

"ஜிஃபிக்கு. மொனராகலைக்கு அங்கிட்டு. மூணு நாளா ஆள் ஏத்திக்கிட்டு அந்த ஹயர்தான் ஓடுறாரு."

இப்றாஹீம் ஊவா மாகாணம் முழுக்க வேன் ஓட்டிய மனிதர். மொனராகலைக்கு அங்கிட்டு அவருக்குத் தெரியாத சந்தி கிடையாது. அப்படி ஓர் ஊரே இல்லை என்று சொல்ல அந்த நேரத்தில் அவருக்கு வாய் வரவில்லை.

"நான் அவன் பக்கத்துலதான் நிக்கிறேன் தங்கச்சி," என்றார்.

விஜயலெட்சுமியின் கை அந்தரத்தில் நின்றது. கரண்டி வராததைப் பார்த்த குழந்தை, அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தானே வாயில் வைத்துக்கொண்டது.

ஜிஃபி எந்த வரைபடத்திலும் இல்லை. தயாபரன் இங்கிலீஷ் வகுப்பிலிருந்து கொண்டுவந்த சொல் அது. அது எப்படி மொனராகலைக்கு அங்கிட்டுப் போய் ஓர் ஊராக உட்கார்ந்துகொண்டது என்று சொல்வதானால், கேக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

தெமோதரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர் தயாபரன். கொழுந்து லொறியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு, பிறகு அதையே ஓட்டி, கடைசியில் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் வேனுக்கு வந்து சேர்ந்தார். மீசையைச் சீவாமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். யாரையும் முந்தமாட்டார். பின்னால் வருகிற பஸ் ஹோர்ன் அடித்தால், கலியாண வீட்டு வாசலில் நின்று வரவேற்பவரைப் போலக் கையை நீட்டி, முன்னால் போகச் சொல்லுவார்.

இங்கிலீஷும் அவரிடம் இருந்தது. "லெஃப்ட் சைட் வோட்டர்ஃபோல். ஃபோட்டோ. ஃபைவ் மினிட்." வெள்ளைக்காரர்கள் இறங்குவார்கள், படம் எடுப்பார்கள், ஏறுவார்கள். அதற்கு மேல் அவர்கள் ஏதாவது பேச்சுக் கொடுத்தால், துணியை எடுத்துக் கண்ணாடி துடைக்க ஆரம்பித்துவிடுவார். ஊவாவில் அவர் வேன் கண்ணாடியைப் போலப் பளபளத்த கண்ணாடி வேறு இருந்திருக்காது.

ஒருநாள், எல்ல ஊரில் மலை ஏறி இறங்கி வந்த ஒரு ஜோடியிடம், "மெடம், வெரி ஹார்ட்?" என்று அக்கறையாகக் கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "பீஸ் ஒஃப் கேக்," என்றாள். தயாபரனுக்கு மனம் இளகிவிட்டது. மலை ஏறிய பிள்ளை, பசி, வாய்விட்டுக் கேட்கிறது, அதுவும் ஒரு துண்டுதான் கேட்கிறது. வேனை நேரே பண்டாரவளைக்கு விட்டு, ஒரு பேக்கரி வாசலில் நிறுத்தி, ஆளுக்கொரு துண்டு வாங்கி நீட்டினார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் அவர்கள் இணையத்தில் எழுதியிருந்ததை, இப்றாஹீம் தன் தொலைபேசியில் தமிழாக்கி வாசித்துக் காட்டினார். "அருமையான சாரதி. எங்களுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தார். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை."

"ஏன்னு தெரியலையாமா? அவங்கதானே கேட்டாங்க."

"கேட்டா குடுத்திருவியா? நான் ஒரு வேன் கேக்குறேன், குடு பாப்போம்," என்றார் இப்றாஹீம்.

முற்றத்தில் நின்ற மற்ற சாரதிகள் அன்றிலிருந்து அவரைக் கேக் அண்ணே என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அதற்கு அவர் கோபப்படவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, பதுளை டவுனில் நடக்கும் பேச்சு இங்கிலீஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வகுப்பு எடுத்தவர் ஷஹீலா மிஸ். கொழும்பில் வேலை செய்யும் தயாபரனின் மகள் விதுஷாவின் வயதுதான் இருக்கும். ஆனாலும் கேள்வி கேட்டால் தயாபரன் எழுந்து நின்றுதான் பதில் சொல்லுவார். "உக்காந்தே சொல்லுங்க அங்கிள்," என்று மிஸ் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். இலக்கணம் சரியாகப் பேசினால் மட்டும் போதாது, அவர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்கிற வழக்குச் சொற்களும் தெரிந்திருந்தால்தான் பேச்சு பேச்சாக இருக்கும் என்பது மிஸ்ஸின் கட்சி. பீஸ் ஒஃப் கேக் என்றால் மிகச் சுலபம் என்று அர்த்தம் என அவர் விளக்கியபோது, தயாபரன் மெதுவாக எழுந்தார்.

"அப்ப அந்தப் புள்ளைக்குப் பசியே இல்லையா மிஸ்?"

வகுப்பு முடியும்வரை அவருக்கு அதுதான் கவலை.

படித்ததையெல்லாம் வீட்டில் விஜயலெட்சுமியிடம்தான் பேசிப் பார்ப்பார். அவளும் விடமாட்டாள். ஐப்பசி மழை கொட்டிய ஒரு சாயந்தரம், ஈரக் காலோடு வாசலில் நின்று, "விஜயா, ரெய்னிங் கேட்ஸ் என்ட் டோக்ஸ்," என்றார்.

"அப்புடின்னா?"

"பூனையும் நாயுமா மழை பேயுதாம்."

"நம்ம மலையில மழைக்கு அட்டைதான் வரும். வெள்ளைக்காரன் இங்க அத்தன வருஷம் இருந்தானே, அவன் கால்ல ஒண்ணுகூடக் கடிக்கலையா?"

தும்மல் பிடித்த ஒருநாள், உடம்பு சரியில்லை என்பதை அண்டர் த வெதர் என்று சொல்ல வேண்டும் என்று விளக்கினார். வெதருக்குக் கீழே நிற்பதென்றால் குடையை எடுத்துக்கொண்டு போங்க என்றாள் அவள். அவரும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, விடைபெறும் பாடம் வரும்வரை.

வெளியே கிளம்பும்போது இங்கிலீஷில் என்ன சொல்வீர்கள் என்று மிஸ் கேட்டதற்கு, வகுப்பே ஒரே குரலில் "ஐ வில் கோ என்ட் கம்" என்றது. போயிட்டு வாறேன் என்பதை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறோம், கேட்கிற வெள்ளைக்காரனுக்கு நாம் போகிறோமா வருகிறோமா என்று குழம்பிவிடும் என்று சொல்லி, மிஸ் பலகையில் "ஐம் ஓஃப்" என்று எழுதினார். தயாபரன் எழுந்தார்.

"மிஸ், வாசல்ல நின்னுக்கிட்டு போறேன்னு மொட்டையா சொன்னா, எங்க வீட்டுக்காரம்மா செருப்ப ஒளிச்சு வச்சிருவாங்க."

"எங்க உம்மாவும் விடமாட்டாங்கதான் அங்கிள். ஆனா இங்கிலீஷ்ல அப்புடித்தான்."

மறுநாள் காலையில் தயாபரன் மீசையைச் சீவி, சாவியை எடுத்து, வாசற்படியில் நின்று அறிவித்தார். "விஜயா, ஐம் ஓஃப்."

"லைட்டா நீங்க, ஓஃப் ஆகிறதுக்கு? குசினி லைட்டு ஓஃப் ஆகாம கெடக்கு, மொதல்ல அதப் பாருங்க." அர்த்தத்தை அவர் சொன்னதும்தான் அவள் முகம் மாறியது. "உள்ள வாங்க. வந்து உக்காருங்க. ஒரு மொடக்கு தண்ணி குடிச்சிட்டு, ஒழுங்கா சொல்லிட்டுப் போங்க."

அவர் வந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், போயிட்டு வாறேன் என்றார். அதற்குப் பிறகு பல காலைகளில் இதே கதைதான். பழக்கம் விட்டுப்போகும் என்று அவர் இங்கிலீஷில் ஒரு தடவை கிளம்புவார். அவள் தண்ணீரோடு நிற்பாள். தமிழில் இன்னொரு தடவை கிளம்புவார். கீழே ரோட்டில் இப்றாஹீமின் ஹோர்ன் அலறிக்கொண்டிருக்கும்.

கடைசியாக அவர் போன வகுப்புக்கு மறுநாள், திங்கட்கிழமை, புதிதாக ஒன்று சொன்னார். "பேக் இன் எ ஜிஃபி."

"இது என்னா?"

அவர் உடனே சொல்லியிருக்கலாம். இத்தனை நாளும் தன்னைக் கேலி செய்தவளை ஒரு தடவையாவது மடக்கிப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது.

"ஊரு. ஜிஃபிக்கு ஒரு ஹயர் வந்திருக்கு."

"எங்க இருக்கு அது?"

"மொனராகலைக்கு அங்கிட்டு."

முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார். செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னார். அவளும் நம்பிவிட்டாள், அங்கே வெயில் அதிகமா என்று கூட விசாரித்தாள். புதன்கிழமை காலையில் அவள் குழாயடியில் வாளிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, வாசலிலிருந்து அவர் குரல் வந்தது. தண்ணீர் சத்தத்தில் கடைசிச் சொல் மட்டும்தான் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே, "ஜிஃபிக்கே போங்க," என்று அவள் கத்தினாள். அந்தக் காலைதான் பத்தேகாலுக்கு இப்றாஹீம் பேசினார்.

சாவு வீட்டில் விஜயலெட்சுமி அழுததைவிட யோசித்துக்கொண்டிருந்தது அதிகம். அவர் வாறேன் என்று சொல்லிவிட்டுப் போனாரா இல்லையா. தான் போங்க என்று மட்டும் சொன்னது நிச்சயம். வாங்க என்று சொல்லவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு நகர்ந்தார்கள். கொழும்பிலிருந்து ஓடி வந்த விதுஷா உட்பட யாரிடமும் அதைக் கேட்க முடியாது. கேட்டால் பதில் தெரிந்த ஆள் ஒருவர்தான்.

மறுநாள் மத்தியானம் ஷஹீலா மிஸ் வந்தார். நாற்காலியில் உட்காராமல், பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். விஜயலெட்சுமி நேரே கேட்டாள்.

"மிஸ், ஜிஃபின்னு ஒரு ஊரு இருக்கா?"

"ஊரா ஆன்ட்டி?"

"மூணு நாளா பேக் இன் எ ஜிஃபின்னு சொல்லிட்டுப் போனாரு. நான் குழாயடியில நின்னுக்கிட்டு, ஜிஃபிக்கே போங்கன்னுட்டேன். வாங்கன்னு சொல்லல மிஸ்."

மிஸ்ஸுக்குப் புரிய ஒரு நிமிஷம் எடுத்தது. புரிந்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"அது ஊரு இல்ல ஆன்ட்டி. ஜிஃபின்னா ஒரு நொடி. ஒரு நொடியில திரும்பி வந்திருவேன்னு அர்த்தம். நான்தான் குடுத்தேன். ஐம் ஓஃப்னா வீட்டுல தண்ணி குடிக்க வைக்கிறாங்க மிஸ், வாறேன்னு வர்ற மாதிரி ஒரு இங்கிலீஷ் தாங்கன்னு அங்கிள் கேட்டு வாங்கிட்டுப் போனாரு."

"அப்ப, வாறேன்னுதான் சொன்னாரா?"

"மூணு நாளும் அதத்தான் சொல்லியிருக்காரு."

விஜயலெட்சுமி, கிடத்தியிருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ மீசையை மாற்றிச் சீவியிருந்தார்கள். விரலால் அதைச் சரி பண்ணினாள்.

"மொனராகலைக்கு அங்கிட்டுன்னாரு மிஸ். வெயிலான்னு கேட்டேன். நல்ல வெயிலுன்னாரு."

வாசலில் நின்ற இப்றாஹீம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நீங்க ஃபோன்ல சொன்னப்ப, எந்தச் சந்தியில திரும்புறதுன்னு நானும் ஒரு நிமிஷம் யோசிச்சேன் தங்கச்சி."

விஜயலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. தூக்குவதற்கு ஆட்கள் உள்ளே வந்தபோது, அவர் காதருகே குனிந்து, "சரி, போயிட்டு வாங்க," என்றாள்.

"அண்ணி, சாவு வீட்டுல அப்புடிச் சொல்லக்கூடாது," என்று தயாபரனின் தங்கை தோளைப் பிடித்தாள்.

"சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லல. இப்பவாவது சொல்லிக்கிறேன், விடு."

ஷஹீலா மிஸ், சாவு வீட்டு வழக்கப்படி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்.

குசினி லைட்டின் சுவிச்சைக் கழற்றி, புதியது ஒன்றை வைத்துக்கொண்டு தயாபரன் உட்கார்ந்தது, அவர் போவதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை சாயந்தரம். ஒரு ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருக்கும்போது சோறு ஆறுகிறது என்று அவள் கூப்பிட்டாள், அவர் எழுந்து வந்தார். மற்ற ஸ்க்ரூ ஜன்னல் கட்டையில், ஒரு சோடாப் போத்தல் மூடிக்குள் இன்னும் இருக்கிறது.