இடது தொடையில் ஒரு கம்பி

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியப்பா பையன் திரும்பிப் போகும்போது, பெட்டியின் எடை கூடிவிட்டதென்று சில பொருள்களை எங்கள் வீட்டில் விட்டுப் போனான். ஒரு ஜோடி ஷூ, பாதி தீர்ந்த ஷாம்பூ, அட்டை கிழிந்த ஒரு தடித்த புத்தகம். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் எங்கள் வீடு.

அது ஒரு விளையாட்டின் விதிப்புத்தகம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேச வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். கதை நடப்பது எதிர்காலத்தில், கம்பெனிகள் ஆளும் ஒரு நகரத்தில். அங்கே மனிதர்கள் உடம்புக்குள் இயந்திரங்களைப் பொருத்திக்கொள்கிறார்கள். சட்டத்துக்கு விரோதமானதைப் பொருத்திக்கொண்டவன் நகரத்தின் ஒவ்வொரு வாசலிலும் சோதனைக் கருவியை ஏமாற்றிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். எனக்கு அந்தப் பகுதி மிகவும் பிடித்துப்போயிற்று. பத்து தடவையாவது படித்திருப்பேன்.

என்னோடு விளையாட வந்தவன் என் வகுப்புத் தோழன். சாந்தோமில் கடலோரக் குப்பத்தில் வீடு. அப்பா மீன் பிடிப்பவர், அம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவர். அவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு, அதே இஸ்திரி போட்ட சட்டையோடு மத்தியானம் எங்கள் மாடி அறைக்கு வருவான். தி. நகரிலிருந்து வந்துகொண்டிருந்த இன்னொருவன் நாலே வாரத்தில் சலித்துப்போய் நின்றுவிட்டான். அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேர்தான்.

விளையாட்டுக்குப் பத்து முகம் கொண்ட பகடை வேண்டும். மெட்ராஸில் அது எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. தம்போலா டப்பாவிலிருந்து ஒன்று முதல் பத்து வரையிலான காய்களை எடுத்து ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கினோம். புத்தகத்தில் இருந்த அமெரிக்க நகரத்தையும் மாற்றிவிட்டோம். எங்கள் கதையில் அடையாற்றுப் பாலத்தின் நடுவில் பெரிய கேட் ஒன்று இருந்தது. பாலத்துக்குத் தெற்கே கம்பெனிக்காரர்கள், வடக்கே நாங்கள். அவனுடைய பாத்திரம் ஒரு கடத்தல்காரன். இடது தொடைக்குள் உலோகப் பெட்டி ஒன்று வைத்துத் தைத்திருப்பான். வாரா வாரம் அதோடு பாலத்தைக் கடக்க வேண்டும்.

"தொடையில எதுக்குடா? கையில வச்சுக்கோயேன், புத்தகத்துல கைக்குத்தான் நிறைய படம் போட்டிருக்கு" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கைய எல்லாரும் பாப்பான் மச்சி. தொடைய எவன் பாக்கப் போறான்?" என்றான்.

அக்கா எப்படி இதில் சேர்ந்தாள் என்று சொல்ல வேண்டும். என்னைவிட மூன்று வயது மூத்தவள். எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு முடித்துவிட்டு அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவளுக்குத் தூக்கம். ஒரு மத்தியானம் எங்கள் சத்தம் தாங்காமல் எழுந்து வந்து வாசலில் நின்றாள். அப்போது அவன் தன் தொடைப்பெட்டியைச் சுற்றி ஈயத் தகடு வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஈயம் வச்சா இன்னும் மோசம்" என்றாள் அக்கா. "படத்துல அந்த இடம் மொத்தமும் ஒரே வெள்ளைத் திட்டா விழும். அதைப் பாத்துண்டு எவன் சும்மா விடுவான்? முதல்ல உன்னைத்தான் பிடிச்சு உக்கார வைப்பான்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "யக்கா, அப்போ நீயே கேட்ல நில்லேன்" என்றான்.

அன்றிலிருந்து அக்காதான் பாலத்து அதிகாரி. நான் கதையை நடத்துபவன் என்று பெயருக்கு இருந்தேன். உண்மையில் அவர்கள் இரண்டு பேரும் மோதிக்கொள்வதைப் பார்த்துச் சிரிப்பதுதான் என் வேலையாக இருந்தது. ஒரு வாரம் அவன் பெரிய மீன் கூடையோடு வந்தான், நாற்றத்துக்குப் பயந்து காவலர்கள் கிட்டே வரமாட்டார்கள் என்று. "நாத்தம் மெஷினுக்குத் தெரியாது. கூடையை இறக்கி வச்சுட்டு நேரா நில்லு" என்றாள் அக்கா. அடுத்த வாரம் தொடையில் மாவுக்கட்டோடு வந்தான். "கட்டுக்குள்ள எலும்பு உடையவே இல்லையே, எதுக்குக் கட்டு?" என்றாள். அவன் தோற்றான். தோற்கத் தோற்க அவனுக்கு உற்சாகம் கூடிக்கொண்டே போயிற்று. அம்மா மூன்று பேருக்கும் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அக்காவிடம் "இவன் எதைக் கடத்தறான், நீ எதுக்கு இவனைத் திட்டிண்டிருக்கே?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போவாள்.

மூன்றாம் ஆண்டு முடியும் சமயத்தில், ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவன் வந்தான். ஞாயிறு அல்லாத நாளில் அவன் வந்ததே இல்லை. அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, தொடைல ஒரு கம்பி கீதுன்னு வச்சிக்கோ. நெஞ்சுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்தா தெரியுமா?"

"எப்படித் தெரியும்? நெஞ்சுக்கு எடுத்தா நெஞ்சுதான் தெரியும்" என்றாள் அக்கா. பிறகு சிரித்தாள். "இந்த வாரம் பாலத்துல அப்படி வரப்போறியா?"

"பாலத்துக்கு இல்லக்கா. எனக்கு."

இடுப்புக்குக் கீழே பக்கவாட்டில் இருந்த தழும்பைக் காட்டினான். இரண்டு அங்குலம் இருக்கும். மூன்று வருஷமாக அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. பிளஸ் டூ விடுமுறையில் அப்பாவோடு கடலுக்குப் போயிருக்கிறான். படகு கரை ஏறும்போது பின்னாலிருந்து அலை அடித்து, படகு அவன் தொடை மேல் சாய்ந்துவிட்டது. எலும்பு உடைந்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் உள்ளே நீளக் கம்பி வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்து எடுத்துவிடலாம் என்று சொன்னார்களாம். யாரும் போகவில்லை.

"ஏண்டா சொல்லல?" என்றேன்.

"அன்னிக்கு நைனாதான் படக ஓட்டிக்கினு வந்தாரு. அந்தப் பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுவாரு. அதான் வூட்டுலயும் யாரும் பேசறதில்ல, வெளியவும் சொல்றதில்ல."

இப்போது கேட்க வேண்டிய அவசியம் வந்திருந்தது. சரக்குக் கப்பலில் மாலுமி வேலைக்கான பயிற்சியில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. மெடிக்கல் மட்டும்தான் பாக்கி. நெஞ்சுக்கு எக்ஸ்ரே, கண், காது, ரத்தம். அவற்றோடு ஒரு படிவம். அதில், இதற்கு முன் ஆபரேஷன் ஏதாவது செய்துகொண்டதுண்டா என்று ஒரு கேள்வி.

நான் யோசிக்கவே இல்லை. "இல்லைன்னு எழுதிடு" என்றேன். ஒன்றரை வருஷமாக அதைத்தானே பழகியிருந்தோம். தழும்பைக் கேட்டால் கட்டி வந்து அறுத்தது என்று சொல்லலாம், நடக்கச் சொன்னால் எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கலாம் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மறைக்கறது ரொம்ப சுலபம். யாரும் கண்டுபிடிக்க மாட்டா" என்றாள் அவனைப் பார்த்து. "ஆனா நடுக்கடல்ல நீ வழுக்கி விழுந்து, அதே கால் மறுபடி உடைஞ்சா, உள்ள கம்பி இருக்குன்னு கப்பல்ல ஒருத்தருக்கும் தெரியாது. அதை மட்டும் யோசிச்சுக்கோ. எழுது, எழுதாதேன்னு நான் சொல்ல மாட்டேன்."

மெடிக்கல் நடந்தது தி. நகரில் ஒரு கிளினிக்கில். நானும் கூடப் போனேன். கிளினிக்கில் பெஞ்சில் உட்கார்ந்து, படிவத்தில் அந்தக் கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினான். என் பக்கம் திருப்பிக் காட்டினான். நான் தலையாட்டினேன். உள்ளே போனவன் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. அவனுக்குப் பின்னால் போனவர்கள் எல்லாம் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே வெளியே வந்து போய்விட்டார்கள்.

வந்ததும் நேராகத் தெருவில் இறங்கினான். கரும்புச்சாறு வண்டி வரைக்கும் நடந்த பிறகுதான் நின்றான்.

"சொல்லிட்டேன் மச்சி."

"கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"இல்ல. எல்லாம் முடிஞ்சிடுச்சு. உக்காந்து எந்திரிக்கச் சொன்னாரு, எந்திரிச்சேன். கையெழுத்துப் போடறதுக்குப் பேனாவ எடுத்துட்டாரு. அப்போ, சார் தொடைல கம்பி கீதுன்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு கேக்காத. எனக்கே தெரியல."

டாக்டர் கோபப்படவில்லையாம். படிவத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்து, 'இல்லை'யை அடித்துத் திருத்தி எழுதச் சொல்லியிருக்கிறார். அந்தக் காலுக்குத் தனியாக எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, கம்பியை எடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து வா என்றிருக்கிறார். அந்த பேட்ச் போயிற்று. அடுத்த முறை இடம் கிடைக்குமா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டான். என் யோசனையைக் கேட்டிருந்தால் அவன் இந்நேரம் தேறியிருப்பான் என்று மனசுக்குள் ஓடியது. அப்படி நினைத்தது அப்போதே எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

ஒரு வாரம் அவன் வரவில்லை. அடுத்த ஞாயிறு காலை அவன் அப்பா வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார். வெள்ளை வேட்டி, ஒரு கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், இன்னொரு கையில் பெரிய காக்கிக் கவர். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் நிற்கும் விதத்திலேயே மகனைத் தெரிந்தது.

"எக்ஸ்ரே எடுக்கிற பாப்பா இந்த வூடுதானா?"

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று அம்மா பயந்துவிட்டாள். "வாங்கோ, உள்ள வந்து உக்காருங்கோ" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவர் உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் படியிலேயே உட்கார்ந்தார். அக்கா வந்ததும் எழுந்து நின்று கவரை நீட்டினார்.

"பையன்கிட்ட குடுத்தாங்களாம். நான் இன்னும் பாக்கல. இன்னா கீது இதுலன்னு நீயே சொல்லும்மா. கம்பிய உருவுனா மறுபடி எலும்பு உடைஞ்சிடுமா?"

அக்கா படத்தை வெளியே எடுத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். தொடை எலும்பு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அதன் நடுவில் மேலிருந்து கீழே வரை வெள்ளையாக ஒரு கோடு.

"இதுதான் கம்பி. இங்க பாருங்கோ, கொஞ்சம் தடிச்சாப்பல இருக்கு இல்லையா? இந்த இடத்துலதான் உடைஞ்சிருக்கு. இப்போ சுத்திப் புது எலும்பு வளந்து மூடிடுத்து. கம்பியை எடுத்தாலும் எலும்பு தாங்கும். கொஞ்ச நாளைக்கு ஜாக்கிரதையா இருக்கணும், அவ்வளவுதான்."

அவர் கையை நீட்டினார். அக்கா படத்தைக் கொடுத்தாள். ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அந்தத் தடித்த இடத்தில் ஒரு விரலை வைத்தார். அங்கிருந்து கோட்டின் அடி வரை விரலை ஓட்டினார்.

"நேராத்தான் சேந்துகீது" என்றார்.

"ரொம்ப நேரா" என்றாள் அக்கா.

அம்மா காபி கொண்டுவந்தாள். குடித்தார். போகும்போது வாழைப்பழத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "புள்ள வாரம் வாரம் இங்க வந்து விளையாடுவான்னு சொல்லுவான். நான் கேரம்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

அந்த மாதமே கம்பியை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாள் முழுக்க அவன் பக்கத்தில் இருந்தது அப்பாதான். ஊன்றுகோலோடு எங்கள் வீட்டு மாடி ஏற முடியாமல் அவன் கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டான். அங்கேயே கொஞ்ச நாள் விளையாடினோம். அம்மா அதிகாரியாக இருக்க ஆசைப்பட்டாள். அவள் யாரையுமே சோதிக்காமல் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு உள்ளே விட்டுக்கொண்டிருந்ததால் விளையாட்டு ஓடவில்லை. அடுத்த பேட்ச்சில் அவனுக்கு இடம் கிடைத்தது. அதே டாக்டர்தான் கையெழுத்துப் போட்டாராம். அதற்குள் அக்கா கல்யாணமாகிப் பெங்களூர் போய்விட்டாள். புத்தகத்தைப் பெரியப்பா பையன் அடுத்த முறை வந்தபோது ஞாபகமாகக் கேட்டு வாங்கிப் போனான்.

முதல் விடுமுறையில் அவன் எங்களைப் பார்க்க வந்தபோது கறுத்து, தோள் அகன்று, வேறு ஆளாக இருந்தான். சாப்பாடு ஆனதும் கண் சொக்கியது. கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்தோம். படுத்தான், புரண்டான், எழுந்து உட்கார்ந்தான்.

"தூக்கம் வரலையாடா?" என்றாள் அம்மா.

"ஒம்பது மாசம் இன்ஜின் சத்தத்துல தூங்கிட்டேன் மாமி. இங்க ஒரே அமைதியா கீது. வூட்டுலயும் இதே கதைதான்."

அம்மா சமையலறைக்குப் போனாள். வழக்கமாக நாலு மணிக்கு மேல் அரைக்கும் தோசை மாவை அன்று இரண்டு மணிக்கே கிரைண்டரில் போட்டாள். அரிசி நன்றாக அரைந்து முடிந்த பிறகும் நிறுத்தாமல் ஓடவிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். அவன் வாய் லேசாகத் திறந்திருக்க, சுவர்ப் பக்கம் திரும்பி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.