பங்களாப் படியில் வைத்த வெடி

தேயிலைத் தோட்டத்து ரோட்டுக்குப் பாறை உடைக்கும் மருதை, 1912இல் ஒரு காலை நேரத்தில், இலங்கையின் நமுனுகுல மலையில் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாப் படிக்கடியில் வெடிமருந்து வைத்தான். துரைக்கு ஒன்றும் ஆகவில்லை. படியைக் கூட்டிக்கொண்டிருந்த வேலைக்காரன் பொன்னையாவுக்கு இரண்டு விரல்கள் போயின.

இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் மேல் சிலர் குண்டு வீசிய காலம் அது. பதுளைப் போலீஸ் அதிகாரி இங்கேயும் ஓர் இரகசியச் சங்கத்தைத் தேடினார். அவருக்காக மொழிபெயர்ப்பாளர் பாலசுப்பிரமணியம் கேட்டார்.

"எந்தச் சங்கத்து ஆளு நீ?"

"நான் தனியாளுங்க. காய்ச்சலோட படுத்திருந்த என் சம்சாரத்தக் காலையில ஆளு கணக்கெடுக்குற பெரட்டுக்கு இழுத்துட்டுப் போயி கொழுந்தெடுக்க விட்டாங்க. மலையிலயே செத்துட்டா. துரையக் கேக்க மூணு தடவ போனேன். அவரு வெளிய வரவே இல்லீங்க."

"அதுக்கு வெடி வைப்பியா?"

"சத்தம் கேட்டா வருவாருன்னு வச்சேங்க." மருதை தானே திருத்தினான். "இல்லீங்க. சாகட்டும்னுதான் வச்சேன். பொன்னையா வருவான்னு நெனைக்கல."

சங்கத்தின் பெயரைச் சொல்ல மறுக்கிறான் என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

ஏழு வருடக் கடுங்காவல் முடிந்ததும் மருதை நேரே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பொன்னையாவின் வீட்டுக்குப் போய், மனைவி செத்த கதையைச் சொல்லத் தொடங்கினான்.

"தெரியும். அவளுக்குக் குழி வெட்டுனதே நான்தான்" என்றான் பொன்னையா. "அதுக்கு எதுக்குய்யா என் வெரலு?"

மருதை வாசலில் கிடந்த விறகைப் பிளந்து வைத்துவிட்டு, பசறைப் பக்கம் வேலை தேடிப் போனான்.